இன்டிமேட்

‘லண்டனில் வேலை பார்க்கிறேன். ஒரு மின்னஞ்சலில் “ப்ளீஸ் இன்டிமேட் மீ” என்று எழுதிவிட்டேன். மேலாளர் படித்துவிட்டு, என்ன சொல்ல வருகிறாய் என்று கேட்டார். அப்பாவிடமிருந்து ஒட்டிக்கொண்ட குமாஸ்தா இங்கிலீஷ்! வெட்கமாகிவிட்டது. அந்தச் சொல் தவறா? இன்ஃபார்ம், நோட்டிஃபை, இதில் எது சரி?’

அன்புள்ள தம்பி,

சொல் தவறில்லை. லத்தீனில் ‘இன்டிமுஸ்’ என்றால் ஆக உள்ளே இருப்பது. அதிலிருந்து பிறந்த வினை, ஒரு சேதியை உரியவரிடம் கொண்டு சேர்ப்பதைக் குறித்தது. முறைப்படி அறிவிப்பது, நேரே சொல்லாமல் சாடையாக உணர்த்துவது என்ற இரண்டு பொருளும் 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலேயே உண்டு. இன்று லண்டனில் இரண்டாவதுதான் அதிகம் புழங்குகிறது, அதனால் உங்கள் மேலாளர் குழம்பியிருப்பார். ஸ்காட்லாந்துக்குப் போனால் தேவாலயத்தில் வாசிக்கிற அறிவிப்புகளுக்குப் பெயரே ‘இன்டிமேஷன்ஸ்’. நீங்கள் சறுக்கியது அந்த ‘மீ’யில். சேதியைத்தான் இன்டிமேட் செய்ய வேண்டும், ஆளை அல்ல. உச்சரிக்கும்போது வினைக்குக் கடைசி அசை ‘மேய்ட்’, நெருக்கம் என்ற பொருளில் வரும் பெயரடைக்கு ‘மிட்’. மற்ற இரண்டையும் அகராதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்தக் ‘குமாஸ்தா இங்கிலீஷ்’? அப்பாவை அப்படி எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அந்த இங்கிலீஷ்தானே உங்களைப் படிக்க வைத்தது?

என் அப்பா ஒரு தாலுகா ஆபீஸ் எதிரே, புங்கமரத்தடியில் ரெமிங்டன் டைப்ரைட்டிங் மெஷினை வைத்து மனு அடித்துக் கொடுத்தவர். ‘கைண்ட்லி இன்டிமேட் தி டிசிஷன்’ என்றுதான் ஒவ்வொரு மனுவும் முடியும். அடித்ததும் கைநாட்டு வாங்கிவிட மாட்டார், முழுதையும் தமிழில் சொல்லிக் காட்டிய பிறகே மை டப்பாவை நகர்த்துவார். 1979-ல் முதியோர் பென்ஷன் கேட்டு ஒரு கிழவி வந்தது. கடைசி வரிக்கு வந்ததும், “முடிவை இன்டிமேட் பண்ணச் சொல்லியிருக்கேன், ஆத்தா” என்றார். பதிலுக்கே ‘இன்டிமேட்’ என்றுதான் பெயர் என்று கிழவி எடுத்துக்கொண்டது. திங்கட்கிழமை தவறாமல் வந்து மரத்தடியில் உட்கார்ந்து, “எனக்கு இன்டிமேட்டு வந்துருச்சாய்யா?” என்று கேட்கும். ஆபீஸிலிருந்து ஒரு காகிதமும் வரவில்லை. அப்பா காசு வாங்காமல் நினைவூட்டல் அடித்து அனுப்பிக்கொண்டே இருந்தார். அந்த கார்பன் நகல்கள் என்னிடம் இருக்கின்றன, மொத்தம் பதினொன்று. எல்லாவற்றிலும் தேதிதான் வேறு, கடைசி வரி அதேதான்.