கன்றுக் கழிச்சல் குழந்தைக்கும் வருமா?

கேள்வி: பிறந்து பத்து நாளான கன்று தண்ணியாகக் கழிந்தது. அடுத்த வாரமே மூன்று வயதுப் பேத்திக்கும் வயிற்றுப்போக்கு. பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணீர்தான் குடிக்கிறோம். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?
– வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: இருக்கலாம் அம்மா. ஒன்று முதல் மூன்று வார வயதுக் கன்றுகளைக் கழியவைக்கும் ஒட்டுண்ணிகளில் கிரிப்டோஸ்போரிடியம் பார்வம் முக்கியமானது. மனிதர் குடலிலும் அது தாராளமாகக் குடியேறும். சாணியில் வெளிவரும் அதன் முட்டைக்கூடு 5 மைக்ரான்தான். இருநூறை வரிசையாக வைத்தால் ஒரு மில்லிமீட்டர். அந்த ஓடு குளோரினுக்கு மசியாது, குடிநீரில் வழக்கமாகக் கலக்கும் அளவில் நாள்கணக்காக உயிரோடு கிடக்கும். பிளீச்சிங் பவுடர் மற்ற கிருமிகளுக்கு இருக்கட்டும். இதற்குத் தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வேண்டும். கைக்கும் சானிடைசர் உதவாது, சோப்பும் ஓடும் தண்ணீரும்தான்.

இந்தக் கிருமிக்கு ஆகாதது காய்ச்சல், அதாவது உலர்ந்துபோவது. கொட்டகையில் குழாயைப் பீய்ச்சினால் நாலு பக்கமும் தெறித்துப் பரவும். முதலில் சாணியைச் சுரண்டி அள்ளுங்கள், பழைய வைக்கோலை எடுத்துவிடுங்கள், வெந்நீர் ஊற்றித் தேய்த்துத் தரையைக் காயவிடுங்கள். ஐப்பசி மழையில் இது சிரமம்தான். கழியும் கன்றை மேட்டில் தனியே கட்டி, மற்ற கன்றுகளைப் பார்த்துவிட்டுக் கடைசியில் அதனிடம் போங்கள். பிறந்த சில மணி நேரத்துக்குள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் உள்ளே போயிருக்க வேண்டும்: 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். அது இந்த ஒட்டுண்ணியை முழுதாகத் தடுக்காது, தாக்குப்பிடிக்க வைக்கும். கழிகிறதே என்று பாலை நிறுத்துவதால்தான் கன்று துவண்டுபோகிறது. பாலும் கொடுங்கள், இடையிடையே உப்பு சர்க்கரைக் கரைசலும் கொடுங்கள்.

பேத்திக்கு ஓஆர்எஸ். மலப் பரிசோதனையில் கிரிப்டோவையும் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். சாதாரணமாகப் பார்த்தால் ஈஸ்ட் மாதிரித் தெரிந்து தப்பிவிடும். ஆசிட் ஃபாஸ்ட் சாயமேற்றினால் நீலப் பின்னணியில் சிவப்பு உருண்டைகள், ஈஸ்ட் சிவக்காது. ஒரு நாள் தென்படவில்லை என்றால் விடாமல் வெவ்வேறு நாளில் மூன்று மாதிரி கொடுப்பது நல்லது.

கேள்வி: இரண்டு ரக ஒட்டுண்ணி ஒரே உடலில் சேர்ந்தால் புது ரகம் பிறக்கும் என்கிறார்களே, எப்படி?
– கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை

பதில்: மேலே சொன்ன கிரிப்டோவையே எடுத்துக்கொள்ளலாம். அதன் வாழ்க்கை முழுதும் ஒரே குடலுக்குள் முடிகிறது. முதலில் ஆண் பெண் சேர்க்கை இல்லாமலே பெருகும். பிறகு ஆண், பெண் வடிவங்கள் உருவாகிக் கூடும். அப்போது எட்டுக் குரோமோசோம்களும் ஜோடி சேர்ந்து, துண்டு மாற்றிக்கொண்டு பிரியும். பெற்றோர் இரண்டும் ஒரே ரகமானால் புதிதாக ஒன்றும் வராது. வெள்ளைப் பொன்னியை வெள்ளைப் பொன்னியோடு ஒட்டினால் வெள்ளைப் பொன்னிதானே! ஒரே சமயத்தில் இரு ரகமும் ஒரே குடலுக்குள் போனால்தான் கலப்பு. சாணியும் மனிதக் கழிவும் ஒரே வாய்க்காலில் இறங்கும் ஊரில் அதற்கு வழி திறந்தே கிடக்கிறது.

கிரிப்டோவிலேயே பெரும்பாலும் மனிதரிடம் சுற்றும் ஹோமினிஸ் 2002-இல்தான் தனி இனமாகப் பிரிக்கப்பட்டது. கன்றைக் கழியவைக்கும் பார்வத்தோடு ஒப்பிட்டால் மரபணுத் தொகுதி ஏறக்குறைய ஒன்றுதான். குரோமோசோம் முனைகளை ஒட்டிய சில சுரப்புப் புரத மரபணுக்களில்தான் கண்ணில் படும் வித்தியாசம். எந்த உயிரின் குடல் ஒத்துவரும் என்பதில் இவற்றுக்குப் பங்கு உண்டு என்று கருதுகிறார்கள். ஜிபி60 என்ற ஒற்றை மரபணுவை வைத்தே ரகம் பிரிப்பது ஆய்வுக்கூட வழக்கம். கலப்பு ரகத்தில் அது ஏமாற்றும்: முகம் அம்மா ஜாடை, மற்றதெல்லாம் அப்பா. வேறு குரோமோசோம்களிலும் நாலைந்து இடம் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

கேள்வி: மருமகள் மூன்று மாதம். வீட்டுப் பூனையை விரட்டிவிடலாமா?
– வாசகர், வில்லியனூர்

பதில்: வேண்டாம். நீங்கள் பயப்படுவது வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியை. அது பூனைக் குடும்பத்தின் குடலில் மட்டுமே ஆண் பெண்ணாகக் கூடும். அங்கே லினோலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் தேங்குவதுதான் அதற்குத் தோது என்று 2019-இல் தெரியவந்தது. ஆனால் வெளியே விழுந்த முட்டைக்கூடு தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். ஆகவே பூனைக் கழிவை அன்றன்றே அள்ளிவிடுங்கள், மருமகள் கை வைக்க வேண்டாம். அரைவேக்காட்டுக் கறியும் கூடாது. வாசலில் கட்டட மணல் குவிந்திருந்தால் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். தெருப் பூனைகள் தோண்டி மூடிவிட்டுப் போவது அங்கேதான்.