கடற்கரைக் குடில் விடுமுறை: உறுப்பினர் திட்டமா, சொந்த மனையா, வாடகையா?

கேள்வி: மதுரை திருநகரில் வசிக்கிறோம். கணவர் பாத்திரக் கடை வைத்திருக்கிறார்; நான் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மாமனார், மாமியார், பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள் என வீட்டில் ஆறு பேர். ஆண்டுதோறும் மே மாதம் மண்டபத்துக்கு முன்னால் அரியமான் கடற்கரைப் பக்கம் ஒரு குடிலை நான்கு இரவுகளுக்கு வாடகைக்கு எடுத்துத் தங்குவோம். ஓர் இரவுக்கு 4,000 ரூபாய். இந்த ஆண்டு ஒரு நிறுவனம் எங்களை அழைத்து, 4,50,000 ரூபாய் கட்டினால் 25 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் ஏழு இரவுகள் அவர்களுடைய விடுதிகளில் தங்கலாம், பராமரிப்புக் கட்டணம் ஆண்டுக்கு 15,000 ரூபாய் மட்டுமே என்றது. அன்றைக்கே கையெழுத்துப் போட்டால் தள்ளுபடி என்றார்கள். யோசித்துச் சொல்வதாக வந்துவிட்டோம். வங்கியில் 3,00,000 ரூபாய் வைப்புநிதி இருக்கிறது. மீதிக்கு நகையை அடகு வைக்கலாம் என்கிறார் கணவர். கொழுந்தனாரோ, இருவரும் சேர்ந்து கடலோரத்தில் 15 லட்சம் ரூபாய்க்கு ஐந்து சென்ட் மனை வாங்கிக் குடில் கட்டினால் நாமும் தங்கலாம், வாடகையும் வரும் என்கிறார். எதைச் செய்வது?

பதில்: வாடகைக் குடிலிலேயே தொடருங்கள். மாமனார், மாமியார், பிள்ளைகள் எல்லோரும் நான்கு நாள் கடையையும் அலுவலகத்தையும் மறந்து ஒன்றாக இருப்பது உங்கள் குடும்பத்துக்குத் தேவையான செலவு. அதைக் குறைக்கச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் அந்த நான்கு நாட்களுக்காக வைப்புநிதியை உடைப்பதையும் நகையை அடகுக்கு அனுப்புவதையும் நான் உறுதியாக எதிர்க்கிறேன். காரணங்களைக் கணக்கோடு சொல்கிறேன். கணவரிடமும் கொழுந்தனாரிடமும் இதைக் காட்டிப் பேசுங்கள்.

முதலில் உறுப்பினர் திட்டம். 4,50,000 ரூபாயை ஆண்டுக்கு 6.5 சதவீத வட்டியில் வங்கியில் வைத்தால் 29,250 ரூபாய் வட்டி வரும். இப்போது நீங்கள் தங்கும் குடில் ஜி.எஸ்.டி. வசூலிக்கும் விடுதியாக இருந்தால், இரவுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு அந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. ஆகவே ஓர் இரவுக்கு 4,200 ரூபாய், ஏழு இரவுகளுக்கு 29,400 ரூபாய். அதாவது, அந்தத் தொகையின் வட்டியே நிறுவனம் தருவதாகச் சொல்லும் ஏழு இரவுகளுக்கான வாடகையை ஏறத்தாழக் கட்டிவிடுகிறது, அசலும் உங்கள் பெயரிலேயே இருக்கிறது. திட்டத்தில் சேர்ந்தாலோ வட்டியை இழப்பதோடு பராமரிப்புக் கட்டணம் 15,000 ரூபாயும் சேர்ந்து ஆண்டுக்கு 44,250 ரூபாய் ஆகிறது. 25 ஆண்டு முடிவில் அசலும் கையில் இருக்காது. நீங்கள் உண்மையில் தங்குவது நான்கு இரவுகள்தான் என்பதால், இன்றைக்கு 16,800 ரூபாயில் முடிகிற ஒன்றுக்கு அதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல் கொடுப்பதாகிறது.

வாடகை ஆண்டுக்கு ஆண்டு ஏறுமே என்று விற்பனையாளர் சொல்லியிருப்பார். அந்த வாதத்தில் நியாயம் இருப்பதால் அதையும் கணக்கிட்டுப் பார்த்தேன். வாடகை ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டுகளில் இரட்டிப்பாகி, ஏழு இரவுகளுக்கு ஏறக்குறைய 58,800 ரூபாய் ஆகும். பராமரிப்புக் கட்டணமும் அதே வேகத்தில் ஏறும் என்று கொண்டால் அது 30,000 ரூபாயைத் தொடும். இழந்த வட்டியையும் சேர்த்தால் 59,250 ரூபாய். ஏழு இரவுகளையும் ஓர் ஆண்டுகூட விடாமல் பயன்படுத்துகிறவருக்கே பன்னிரண்டாம் ஆண்டில்தான் இரண்டும் சமமாகின்றன. பிள்ளைகள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்று வரும் ஆண்டுகளில் உங்களால் ஏழு இரவுகள் வெளியூரில் தங்க முடியுமா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். இத்தகைய திட்டங்களில் காலண்டரை நிறவாரியாகப் பருவங்களாகப் பிரித்து, பள்ளி விடுமுறை வாரங்களுக்கு அதிக விலை வைப்பது வழக்கம். உங்களுக்குச் சொல்லப்பட்ட விலை எந்தப் பருவத்துக்கு உரியது, மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்தில் அவர்களுக்கு விடுதி இருக்கிறதா என்பவை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒப்பந்தப் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கத் தரமாட்டோம் என்றால், அதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை. ஏற்கெனவே முன்பணம் ஏதேனும் கட்டியிருந்தால், ரத்து செய்வதற்கான காலக்கெடுவுக்குள் எழுத்துமூலம் விலகுங்கள். திருப்பித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம்.

இனி கொழுந்தனாரின் யோசனை. சகோதரர்கள் சேர்ந்து ஒரு சொத்து வாங்க நினைப்பது நல்ல விஷயம், ஆனால் கடலோர மனை என்பது திருமங்கலத்திலோ மேலூரிலோ மனை வாங்குவது போன்றதன்று. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளின்படி, கிராமப்புறக் கடற்கரைகளில் உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏற்றத்தின்போது நீர் எட்டும் எல்லையிலிருந்து, 200 மீட்டர் வரை பொதுவாகப் புதிய கட்டடங்களுக்கு இடமில்லை. 2019-ஆம் ஆண்டு அறிவிக்கை, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் ஊர்களுக்கு மட்டும் இந்தத் தூரத்தை 50 மீட்டராகக் குறைத்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவாக இருப்பதால் அந்தக் கரையில் கண்காணிப்பும் கூடுதல். வாசலில் அலை வந்து மோதுகிறது என்று தரகர் புகழும் மனையில்தான் குடில் கட்ட முடியாமல் போக வாய்ப்பு அதிகம். பட்டாவும் வில்லங்கச் சான்றிதழும் தெளிவாக இருந்தாலும் அவை கட்டட அனுமதி ஆகிவிடா. மனைப்பிரிவு நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் பெற்றதா, புல எண் கடலோர மண்டல வரைபடத்தில் எந்த வகையில் வருகிறது என்ற இரண்டும் தெரியாமல் முன்பணம்கூடக் கொடுக்க வேண்டாம்.

அனுமதி கிடைப்பதாகவே வைத்துக்கொள்வோம். மனைக்கு 15 லட்சம், பத்திரச் செலவு, சிக்கனமாக இரண்டு அறைக் குடில், சுற்றுச்சுவர், ஆழ்துளைக் கிணறு என்று எப்படியும் 40 லட்சம் ரூபாயை நெருங்கும். ஆண்டில் 90 இரவுகள் 4,000 ரூபாய்க்கு வாடகை போனால் 3,60,000 ரூபாய் வரவு. காவலுக்கும் துப்புரவுக்கும் ஒருவருக்கு மாதம் 12,000 ரூபாய் என்றால் 1,44,000 போய்விடும். மின் கட்டணம், துணி வெளுப்பு, முன்பதிவுத் தளங்களின் தரகு ஆகியவை போக, கடலோரக் கட்டடத்துக்கே உரிய செலவு ஒன்று இருக்கிறது. உப்புக் காற்று ஜன்னல் கம்பியையும் ஏ.சி.யின் வெளிப்பகுதியையும் குழாய்களையும் மதுரையில் பத்து ஆண்டு தாங்குவதைப் போல அங்கே தாங்கவிடாது. ஆண்டுதோறும் துருவைச் சுரண்டி வண்ணம் பூசியாக வேண்டும். இவற்றுக்கெல்லாம் 1,20,000 ரூபாய் ஒதுக்கினால் மிஞ்சுவது 96,000 ரூபாய், முதலீட்டில் 2.4 சதவீதம். வாடகை நன்றாகக் கிடைக்கும் மே மாதத்தில்தான் இரு குடும்பங்களும் அங்கே தங்க விரும்புவீர்கள் என்பதையும், ஐப்பசி, கார்த்திகை மழையில் குடில் பூட்டியே கிடக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த கரை அது. காப்பீடு இல்லாமல் அங்கே கட்டடம் வைத்திருக்கவும் கூடாது.

வாடகைக்குப் போவதிலும் ஒரு திருத்தம் சொல்ல விரும்புகிறேன். மே மாதம் உங்கள் வீட்டுக்குப் பணநெருக்கடியான மாதம். சித்திரைத் திருவிழாவுக்கு உறவினர் வந்து போயிருப்பார்கள், ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம் காத்திருக்கும், இரண்டுக்கும் நடுவில் சுற்றுலா. போதாததற்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதால், நாட்டுப்படகு மீன் மட்டும் வந்து விலையும் ஏறியிருக்கும். காலாண்டுத் தேர்வு விடுமுறைக்கு மாற்றிப் பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்றில் மன்னார் வளைகுடாப் பக்கம் அலை அடித்தாலும், அரியமான் இருக்கும் பாக் நீரிணைப் பக்கம் வடகிழக்குப் பருவமழை தொடங்கும்வரை பெரும்பாலும் அமைதியாக இருக்கும். பிள்ளைகள் குளிக்க ஏற்ற, ஆழமில்லாத கரை. மகாளய அமாவாசை மட்டும் அந்த நாட்களில் வருகிறதா என்று பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வந்தால் ராமேஸ்வரத்தில் கூட்டமும் வாடகையும் கூடும்.

குடிலைச் சுற்றிச் செய்ய வேண்டியவற்றுக்கு அதிகம் செலவாகாது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தபின் மதுரையிலிருந்து ராமேஸ்வரம்வரை மீண்டும் ரயில் செல்கிறது. ஆறு பேருக்குப் பயணிகள் ரயில் கட்டணம், 150 கிலோமீட்டர் வாடகை வேனோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய தொகை. ஒரு நாள் கோயில், தீர்த்தங்கள், பேக்கரும்பில் கலாம் நினைவிடம், பிறகு தனுஷ்கோடி அரிச்சல்முனை. அங்கே கடலில் இறங்காமல் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள். இன்னொரு நாள் குந்துகாலிலிருந்து வனத்துறைப் படகில் குருசடைத் தீவு. 1897-இல் விவேகானந்தர் வந்திறங்கிய இடத்தில் உள்ள நினைவிடமும் குந்துகாலிலேயே இருக்கிறது. பெரியவர்களுக்குத் திருப்புல்லாணியும் உத்தரகோசமங்கையும் போதும். ஆட்டோவுக்கும் படகுக்கும் நாளுக்கு 1,000 ரூபாய், சாப்பாட்டுக்கு 2,000 ரூபாய் என்று வைத்தால் நான்கு நாட்களுக்கு 12,000 ரூபாய்; குடில் வாடகை 16,800, ஊரிலிருந்து போய்வர 4,000 ரூபாயுடன் மொத்தம் 32,800 ரூபாய்.

இதற்கு உங்கள் சம்பளக் கணக்கிலிருந்தே மாதம் 3,000 ரூபாய்க்கு ஓராண்டு தொடர் வைப்புக் கணக்கு தொடங்குங்கள், 6.5 சதவீதத்தில் முடிவில் 37,000 ரூபாய்க்குச் சற்று மேல் கிடைக்கும். அஞ்சலகத் தொடர் வைப்பு ஐந்தாண்டுத் திட்டம், மூன்றாண்டுக்கு முன் முடிக்க முடியாது என்பதால் இதற்குப் பொருந்தாது. பதிவு செய்யாத சீட்டுகளையும் இதற்காக நாட வேண்டாம். உங்கள் சம்பளத்தில் விடுப்புப் பயணப்படி இருந்து, பழைய வருமான வரி முறையில் நீங்கள் இருந்தால், நான்கு ஆண்டுத் தொகுதியில் இரண்டு பயணங்களின் கட்டணத்துக்கு மட்டும் வரிவிலக்கு உண்டு. தங்கும் செலவுக்கு இல்லை. குடிலுக்கு முன்பணம் அனுப்பும்போது, ஏற்கெனவே தங்கிய இடமாக இருந்தாலும், பணம் அனுப்பும் எண்ணை உரிமையாளரிடம் நேரடியாகப் பேசி உறுதி செய்யுங்கள். போலி விளம்பரத்துக்குப் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

வைப்புநிதி 3,00,000 ரூபாய் உங்கள் ஆறு பேர் குடும்பத்துக்கு அவசரத் தொகை. மாமனார், மாமியார் இருவருக்கும் மருத்துவக் காப்பீடு எடுத்திருக்கிறீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. எடுக்கவில்லையென்றால் அடுத்ததாகப் பணம் போக வேண்டிய இடம் அதுதான். கொழுந்தனாருடன் சேர்ந்து சொத்து வாங்கும் விருப்பம் பிறகும் இருந்தால், ஆளுக்கு எவ்வளவு, யார் பெயரில், விலகினால் எப்படிப் பிரிப்பது என்பதை எழுதிக்கொண்டு, மதுரைக்குள் அங்கீகரிக்கப்பட்ட மனையாகத் தேடச் சொல்லுங்கள்.