பூட்டோடு சாவியும் போகிறது

கேள்வி: பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடங்களை வீடியோ எடுத்து பென் டிரைவில் விற்கிறேன். ஒரு பிள்ளை வாங்கினால் தெருவுக்கே காப்பி போகிறது. பத்தாயிரம் கொடுத்தால் காப்பியே எடுக்க முடியாத பூட்டு போட்டுத் தருகிறேன் என்கிறார் ஒருவர். நம்பலாமா?
– டியூஷன் ஆசிரியர், குடியாத்தம்

பதில்: பணத்தைப் பத்திரமாக வையுங்கள். வீடியோ ஓட வேண்டுமென்றால் பூட்டைத் திறக்கும் சாவியும் மாணவரின் கம்ப்யூட்டருக்குள் வந்தே ஆகவேண்டும். பூட்டையும் சாவியையும் ஒரே பையில் போட்டுக் கொடுக்கிறீர்கள். சினிமா டிவிடிகளுக்கு 40 பிட் சாவி, அதாவது 0, 1 என்ற நாற்பது இலக்கங்களால் ஆன ரகசிய எண் இருந்தது, அந்தப் பூட்டு 1999லேயே உடைந்தது. 2002ல் சில இசை சிடிகளில், காப்பி எடுக்கவிடாமல் கம்ப்யூட்டரைக் குழப்பும் காப்புத்தடம் வெளி ஓரத்தில் இருந்தது. அதன்மேல் மார்க்கர் பேனாவால் கோடு இழுத்ததும் கம்ப்யூட்டர் பாட்டை மட்டும் படித்தது. பூட்டே உடையாவிட்டாலும் திரைக்கு எதிரே செல்போனை நிறுத்திப் படம் பிடிக்கலாமே! அதிகம் அவதிப்படுவது காசு கொடுத்தவர்தான். விண்டோஸை மாற்றிப்போட்டால் அவருக்கே வீடியோ திறக்காது.

ஒவ்வொரு பென் டிரைவுக்கும் தனியாக எக்ஸ்போர்ட் செய்து, மாணவர் பெயரையும் வரிசை எண்ணையும் மங்கலாகப் பதியுங்கள். மூலையில் போட்டால் வெட்டிவிடுவார்கள். கணக்கு எழுதும் பலகையின் நடுவே, சில நிமிடத்துக்கொரு தரம் இடம் மாறி வரட்டும். காப்பி நிற்காது, யாரிடமிருந்து கசிந்தது என்று தெரியும். வாராவாரம் சந்தேகம் தீர்க்கும் வகுப்பை பணம் கட்டியவர்களுக்கு மட்டும் வையுங்கள். அதை பென் டிரைவில் ஏற்ற முடியாது.