சோமாலியா, சோமாலிலாந்து: கேட்டவையும் சொன்னவையும்

கேள்வி: சோமாலியா ஒரு நாடா, இரண்டா?

பதில்: வரைபடத்தில் ஒன்று, நடப்பில் இரண்டு. பிரிட்டன் ஆண்ட வடபகுதியான சோமாலிலாந்து 1960 ஜூன் 26 அன்று விடுதலை பெற்று, ஐந்தே நாளில் இத்தாலி ஆண்ட தெற்கோடு இணைந்தது. 1988இல் சோமாலியச் சர்வாதிகாரி சியாத் பாரேயின் போர் விமானங்கள், இன்று சோமாலிலாந்தின் தலைநகரான ஹர்கெய்சாவின் விமான நிலையத்திலிருந்தே கிளம்பி, அந்த ஊரின் மீதே குண்டு வீசின. விழுந்த மிக் விமானம் ஒன்று இன்றும் அந்நகரின் நடுவே நினைவுச் சின்னமாக நிற்கிறது. 1991 மே 18 அன்று சோமாலிலாந்து பிரிந்துபோனதற்கு வேறு விளக்கம் தேடி அலைய வேண்டியதில்லை.

கேள்வி: சோமாலிலாந்துக்குத் தனி நாணயம், பாஸ்போர்ட், தேர்தல் எல்லாம் இருக்கின்றனவே. அங்கீகாரம் இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும்?

பதில்: கடன் கிடைக்காது. 2023 டிசம்பரில் சோமாலியத் தலைநகர் மொகடிஷுவின் அரசுக்கு 450 கோடி டாலர் கடன் நிவாரணம் கிடைத்தது. ஐ.எம்.எஃப் (பன்னாட்டு நாணய நிதியம்) வாசலில் ஹர்கெய்சா தனியாகப் போய் நிற்கக்கூட முடியாது. மிஞ்சுவது வெளிநாட்டு உறவினர் அனுப்பும் பணமும் ஆடுகளும்தான். வேடிக்கைக்குச் சொல்லவில்லை: பெர்பெரா துறைமுகத்திலிருந்து ஆடும் ஒட்டகமும் கப்பலேறுகின்றன, ஹஜ் காலத்தில் குறிப்பாக. கால்நடைக் காய்ச்சலுக்குப் பயந்து 2000இல் சவூதி இறக்குமதியை நிறுத்தியது. 2009 வரை திறக்கவில்லை. ஒரே வாடிக்கையாளரை நம்பிக் கடை நடத்தினால் இதுதான் கதி.

கேள்வி: வங்கி இல்லாமல் அன்றாடக் கொடுக்கல் வாங்கல்?

பதில்: கைப்பேசியில். 2009இல் வந்த 'ஸாத்' சேவை வழியாக, தேநீருக்கும் டாலரில் காசு கொடுக்கிறார்கள்.

கேள்வி: மொகடிஷு அரசியலில் '4.5' என்பது?

பதில்: நாடாளுமன்ற இடங்களில் நான்கு பெரிய குலங்களுக்குத் தலா ஒரு பங்கு, மற்ற எல்லாருக்கும் சேர்த்து அரைப் பங்கு. சிறுபான்மையினரை அரை ஆள் என்று கணக்கில் எழுதிவைத்த ஏற்பாடு, எனக்கு உவப்பில்லை. வணிகருக்கோ இன்னொரு தொல்லை: அரசுக்கு வரி, ஆயுதக் குழுவான அல்-ஷபாபுக்கும் 'வரி'.

கேள்வி: 2025 டிசம்பரில் சோமாலிலாந்தை இஸ்ரேல் அங்கீகரித்துவிட்டது. இனிச் சிக்கல் தீர்ந்ததா?

பதில்: வெளியே ஒரு கதவு திறந்தது, சரி. ஆனால் உள்ளே? கிழக்கே லாஸ் ஆனோத் நகர மக்கள் ஹர்கெய்சா ஆட்சியை ஏற்கவில்லை. 2023இல் பல மாதச் சண்டைக்குப் பின் அங்கிருந்து சோமாலிலாந்துப் படை வெளியேறியது. அவ்வூர் மக்கள் மொகடிஷுவோடு இருக்கவே விரும்புகிறார்கள். பிரிந்துபோகும் உரிமையைக் கேட்பவர்கள் அதே உரிமையை லாஸ் ஆனோதுக்குத் தருவார்களா என்று கேட்டால், ஹர்கெய்சாவில் பேச்சு மாறிவிடுகிறது.