எத்தனை பேர் என்பது இருக்கட்டும், எத்தனை அடுப்பு?

கேள்வி இதுதான்: "பண்டிகை விடுமுறைக்கு மொத்தக் குடும்பமும் எங்கள் வீட்டுக்கு வருகிறது. மதியச் சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்று எல்லோரையும் கேட்டேன், ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எப்படி முடிவெடுப்பது?"

முதலில் கேட்பதை நிறுத்துங்கள்.

நீங்கள் இந்தப் பொறுப்புக்குப் புதிது என்று நினைக்கிறேன், பழகியவராக இருந்தால் யாரையும் கேட்டிருக்கவே மாட்டீர்கள். அநேகமாக மாமியாரோ அம்மாவோ "இந்தத் தடவை நீயே பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, அன்றைக்குச் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்காரப் போகிறார். நீங்கள் ஆணாக இருந்தால் மன்னிக்கவும், உங்களுக்கும் இதே கதைதான், நாற்காலி மட்டும் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போடப்படும்.

"என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டால், சொன்னவர்கள் எல்லோரும் அது கட்டாயம் வரும் என்று நம்பிக்கொண்டுதான் வந்து உட்காருவார்கள். வராவிட்டால் அவர்களை ஒதுக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். "எதுன்னாலும் சரிம்மா, நான் எதையும் சாப்பிடுவேன்" என்று சொல்பவர் இன்னும் மோசம், அவருக்குப் பிடித்தது ஒன்று உண்டு, அதை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். அதனால் கேட்க வேண்டிய கேள்வி "யாருக்கு எது ஒத்துக்காது?" என்பதுதான். பால், முட்டை, மீன், நண்டு இறால் வகை, வேர்க்கடலை, முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், கோதுமை, சோயா, எள், இந்த ஒன்பதையும் பெயர் சொல்லியே கேளுங்கள். "அலர்ஜி ஏதாவது இருக்கா?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். எங்கள் குடும்பத்தில் ஒரு பையனுக்கு எள் ஆகாது. அதை ஏதோ நான் பிள்ளைக்குச் செல்லம் கொடுப்பதாக நினைக்கிறவர்கள் உண்டு. அமெரிக்காவில் 2023 தொடக்கத்திலிருந்து உணவுப் பொட்டலத்தில் எள் இருக்கிறது என்று தனியாக எழுதியே ஆக வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது, நம் வீட்டுப் பெரியவர்களுக்குத்தான் அது இன்னும் "ஒரு சிட்டிகை தானே". சரி, அது வேறு கதை.

ஒத்துக்கொள்ளாததை எழுதி முடித்ததும் அடுப்பைப் பாருங்கள். நிஜமாகவே எழுந்து போய்ப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் நான் பொறுப்பெடுத்த வருடம், என்னைக் கேட்காமலே நாத்தனார் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "யார் யாருக்கு என்னென்ன வேணும், சொல்லுங்க" என்று போட்டுவிட்டார். ராத்திரிக்குள் 19 பண்டங்கள் வந்து சேர்ந்துவிட்டன. அதில் உருளைக்கிழங்கு மட்டும் நாலு விதமாக. கொழுந்தனார் ஒரு சூப் கேட்டார், அதை அவர் ஏதோ ஹோட்டலில் ஒரு தடவை குடித்திருக்கிறாராம். ஒவ்வொரு பெயருக்கும் கீழே நாலைந்து பேர் இதயம் போட்டிருந்தார்கள், சமைக்கிறேன் என்று ஒருவரும் எழுதவில்லை. எங்கள் அடுப்பில் மூன்று பர்னர், அதில் ஒன்று சின்னது. ஓவன் கிடையாது.

ஒரு தாளை எடுத்து 19 பெயரையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக எந்த பர்னர், எவ்வளவு நேரம், முந்தின நாளே செய்து வைக்க முடியுமா, யாராவது பக்கத்திலேயே நிற்க வேண்டுமா என்று குறித்தேன். இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம், யாரும் கேட்காததும் அதுதான். சூப் ஒரு மணி நேரம் கொதித்தாலும் அது பாட்டுக்குக் கொதிக்கும், நீங்கள் வேறு வேலை பார்க்கலாம். பொரிப்பது அப்படி இல்லை. முதல் துண்டு எண்ணெயில் விழுந்ததிலிருந்து கடைசித் துண்டு வெளியே வரும் வரை ஒரு ஆள் அங்கேயே நிற்க வேண்டும். சீக்கிரம் முடியட்டும் என்று நிறையப் போட்டால் எண்ணெய்ச் சூடு இறங்கி, மொறுமொறுப்பாக வர வேண்டியது எண்ணெய் குடித்துச் சொதசொதவென்று வரும்.

ஒரு மணிக்குச் சாப்பாடு என்றால் பன்னிரண்டிலிருந்து ஒன்று வரைதான் கணக்கு. மூன்று பர்னருக்கு 180 நிமிடம், அவ்வளவுதான் கையிருப்பு. பட்டியலில் "சுடச்சுட இருந்தாத்தான் நல்லா இருக்கும்" வகையில் வந்தவை மட்டுமே அதைப்போல் இரண்டு மடங்கு கேட்டன. நாலு பேருக்கு எழுதிய செய்முறையை இருபது பேருக்குப் பெருக்கும்போது அரிசியையும் மிளகாயையும் பெருக்குகிறோம், நேரத்தைப் பெருக்குவதில்லை. அதே தீயில் இரண்டு மடங்கு தண்ணீர் கொதிக்க ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் ஆகும். சோற்று உலை ஒன்றே அரை மணியைத் தின்றுவிடும்.

அடித்து அடித்துக் கடைசியில் ஆறு நின்றது. சோறு, கோழி ஒன்று, பருப்பு ஒன்று, வதக்கிய காய் ஒன்று, பச்சைக் காய்கறி சாலட், ஒரு இனிப்பு. இதில் கோழியும் இனிப்பும் முந்தின நாளே தயார். சாலட்டுக்கு அடுப்பே வேண்டாம். ஆக மதியம் அடுப்பில் நிற்க வேண்டியது மூன்றே மூன்று, கோழிக்கு ஒரு சூடு.

இதைக் குழுவில் போட்டதும் ஒரு நாள் முழுக்க யாரும் பேசவில்லை. மறுநாள் நாத்தனார் வீட்டுக்கே வந்துவிட்டார். "ஆறுதானா? அம்மா பண்ணினா தட்டுல எடமே இருக்காது" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. மாமியார் அதே நாற்காலியில் இருந்துகொண்டு, "எடம் இருக்காதுதான். நான் உங்களோட உக்காந்து சாப்பிட்டு நீ பாத்திருக்கியா?" என்று கேட்டார். நாத்தனார் பிள்ளைகளின் பரீட்சையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

உடனே சிலர் கீழே வந்து, எங்கள் பாட்டி ஒற்றை விறகடுப்பில் இருபது வகை செய்தாள், இந்தக் காலத்துப் பெண்களுக்குச் சோம்பேறித்தனம் என்று எழுதுவீர்கள், தெரியும். எழுதுங்கள். அந்தப் பாட்டியோடு எத்தனை பேர் காய் நறுக்கினார்கள், எத்தனை மணிக்கு எழுந்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நான் குறைவாகச் செய்யச் சொல்லவில்லை, ஆள் இருந்தால் முப்பது வகை செய்யுங்கள், எனக்கென்ன. கஞ்சத்தனம் என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஆறு வகைக்கு நான் வாங்கிய சாமான், எடையில் பார்த்தால், 19 வகைக்கு வாங்கியிருக்கக் கூடியதைவிட அவ்வளவொன்றும் குறைவில்லை. வகை கூடினால் ஒவ்வொன்றிலும் ஆளுக்கொரு கரண்டிதான் போகும், மீதிதான் கூடும்.

கொழுந்தனார் இதற்கு விஞ்ஞானத்தை இழுத்தார். பார்பரா ரோல்ஸ் என்ற ஆராய்ச்சியாளரின் 1981 ஆய்வு ஒன்றை அனுப்பி, "பாருங்க அண்ணி, வகை நெறைய இருந்தா மனுஷன் நல்லா சாப்பிடுவான்" என்றார். உண்மைதான், ஒரே வகை சாண்ட்விச் கொடுத்தபோது சாப்பிட்டதைவிட, உள்ளே நாலு விதமாக வைத்துக் கொடுத்தபோது மூன்றில் ஒரு பங்கு அதிகமாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் அவர் முழுதாகப் படிக்கவில்லை. அதே ஆய்வில் தயிர் வகைகளையும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். நிறம், பதம், சுவை மூன்றும் வேறுவேறாக இருந்தபோது அதிகமாக உள்ளே போயிருக்கிறது, சுவை மட்டும் மாறி மற்றதெல்லாம் ஒரே மாதிரி இருந்தபோது அந்த வித்தியாசம் வரவில்லை. அப்படியானால் நாலு விதமான உருளைக்கிழங்குக்கு எதற்கு நான் கஷ்டப்பட வேண்டும்? குழைவாக ஒன்று, கடிக்க ஒன்று, மொறுமொறுவென்று ஒன்று, புளிப்பாக ஒன்று, குளிர்ச்சியாக ஒன்று இருந்தால் தட்டு நிறைந்துவிடும். உங்கள் பட்டியலை இப்படிப் படித்துப் பாருங்கள், பாதி தானாகவே விழுந்துவிடும். கொழுந்தனாரிடம் இதைச் சொன்னதற்கு ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது.

விடுபட்ட பண்டங்களுக்கு ஒரு வழி வைத்தேன்: யாருக்கு எது கட்டாயம் வேண்டுமோ அதை அவர்களே செய்து கொண்டுவரலாம், ஆனால் இங்கே வந்து அது அடுப்பைக் கேட்கக் கூடாது. இந்த இரண்டாவது பாதியை நான் குழுவில் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன். நாத்தனார் என்ன செய்தார் தெரியுமா, பன்னிரண்டே முக்காலுக்கு ஒரு பெரிய பாத்திரத்தில் பாதி வெந்த இறைச்சியோடு வந்து இறங்கி, "ஒரு இருவது நிமிஷம் வச்சா போதும்" என்றார். இருபது நிமிடம் அவருக்குப் போதும், என் பருப்பை எங்கே வைப்பது? வைக்க விடவில்லை. "அக்கா, எல்லாரும் சாப்பிட்டப்புறம் அடுப்பு உங்களுக்குத்தான்" என்று சொல்லி மூடிபோட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன். கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கிவைத்திருந்தார். அவரே சாயங்காலம் நன்றாக வேகவைத்து இறக்கினார், ராத்திரிக்கு எல்லோரும் அதைத்தான் தேடித் தேடிச் சாப்பிட்டார்கள். இதில் என்ன அவமானம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

முந்தின நாளே செய்வதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், "பழசையா போடுற?" என்று கேட்பவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். பழசால் கெடுவதில்லை, வெளியே கிடந்தால்தான் கெடும். சமைத்தது 5 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரிக்குள் இருக்கும்போதுதான் கிருமிகள் வேகமாகப் பெருகும், அந்தச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது. பெரிய பாத்திரத்தை அப்படியே ஃபிரிட்ஜில் தள்ளினால் நடுவில் உள்ளது ஆற மணிக்கணக்காகும், அதனால் அகலமான, ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து வையுங்கள். மறுபடி சுடவைக்கும்போது நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும், தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் கிளறிவிட்டு நன்றாகக் கொதிக்க விடுங்கள். சோற்றை மட்டும் அன்றைக்கே வடியுங்கள். அதில் வரும் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதித்தாலும் சாகாது, சோறு வெளியில் கிடந்தால் முளைத்து நஞ்சு கக்கும், அந்த நஞ்சு திரும்பச் சுடவைத்தாலும் போகாது. உறைந்த முழுக் கோழி வாங்கினால் ஃபிரிட்ஜுக்குள் வைத்தே இளக விடுங்கள், இரண்டு கிலோவுக்கு ஒரு நாள் பிடிக்கும். அன்று காலையில் எடுத்து வெந்நீரில் போடுகிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

மீதியைக் கொடுத்தனுப்புவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். டப்பா கொடுக்காதீர்கள். என் வீட்டில் மூடியும் உடம்பும் பொருந்துகிற டப்பா என்று இப்போது ஒன்றுகூட இல்லை, எல்லாம் ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒவ்வொரு வீட்டுக்குப் போய்விட்டது. கேட்டால் "அது உன்னுதா?" என்கிறார்கள். போன விடுமுறைக்கு ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போனபோது அவர்கள் சர்க்கரை வைத்திருந்தது என் டப்பாவில், அடியில் நான் நெயில் பாலிஷால் போட்ட புள்ளி அப்படியே இருக்கிறது. எனக்கு அதிலிருந்து எடுத்துத்தான் காபிக்குச் சர்க்கரை போட்டார்கள். என்ன சொல்வது? காபி நன்றாக இருக்கிறது என்றேன். டப்பா அங்கேதான் இருக்கிறது. இப்போதெல்லாம் வரும்போதே பாத்திரம் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிடுகிறேன், கொண்டுவராதவர்களுக்கு மீதி கிடையாது. கொடுமைக்காரி என்று பெயர் வந்திருக்கிறது, பரவாயில்லை.

இனிப்பு எது என்று மட்டும் பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்கள் கேட்டது கிடைத்தால் நிஜமாகவே சாப்பிடுவார்கள்.

பட்டியல் போட்டதும் கீழே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். எத்தனை பர்னர், ஓவன் உண்டா, ஃபிரிட்ஜில் எவ்வளவு இடம், காய் நறுக்க யார் வருகிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். "ஹெல்ப் பண்றேன்" என்று சொன்னவர்கள் கணக்கில் வேண்டாம், எத்தனை மணிக்கு வருவேன் என்று சொன்னவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.