வண்டுப் படத்தின் ஓரத்தை வெட்டலாமா?

கேள்வி: லண்டனில் இருக்கும் தம்பி ஒரு படம் அனுப்பியிருக்கிறான். தடித்த தாளில் ஸ்க்ரீன் பிரின்ட். ஒரு கொம்பு வண்டு ஸ்ப்ரே பெயின்ட் டின்னை முதுகில் சுமந்துகொண்டு நிற்கிறது. பின்னால் கண்ணைப் பறிக்கும் ரோஸ் நிறம். கீழே பென்சிலால் 84/150 என்று எழுதி, ஒரு கையெழுத்தும் இருக்கிறது. 180 பவுண் கொடுத்து வாங்கினானாம். பிரேம் போடக் கொடுத்தேன். கீழே இரண்டு அங்குலம் வெட்டினால் ரெடிமேட் பிரேமுக்குள் சரியாக வரும் என்கிறார் கடைக்காரர். வெட்டலாமா? எங்களுடையது வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத் தொடர்மாடி. இந்தப் படத்துக்கு உண்மையிலேயே பெறுமதி உண்டா? அம்மா வேறு, "சுவரில் மாட்ட இந்த வண்டுதான் கிடைத்ததா" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.
— ஒரு வாசகி, கொழும்பு 6

பதில்: வெட்ட வேண்டாம். படம் இன்னும் கடையில் இருந்தால் இன்றைக்கே போய்த் திருப்பி வாங்கிவிடுங்கள். மற்றதை ஆறுதலாகப் பேசலாம்.

ஸ்க்ரீன் பிரின்ட் என்பது மெல்லிய வலைத்துணி வழியாக மையை அழுத்தி, ஒவ்வொரு நிறமாக எடுக்கும் அச்சு. இந்த மாதிரி அச்சுப் படத்தில் வெள்ளை ஓரமும் சேர்ந்த முழுத் தாளும்தான் படம். எந்தத் தாள், எவ்வளவு ஓரம் என்பதெல்லாம் ஓவியர் யோசித்துத் தீர்மானித்தது. கீழே இரண்டு அங்குலம் போனால் எண்ணும் கையெழுத்தும் அதோடு போய்விடும். அவற்றைத் தொடாமல் மேலே வெட்டினாலும் நட்டம்தான். நாளைக்கு விற்க நினைத்தால், வாங்க வருகிறவர் முதலில் தாளின் அளவைக் கேட்பார். வெளியிட்டபோது சொன்ன அளவில் அரை அங்குலம் குறைந்திருந்தாலும் விலை விழுந்துவிடும். செருப்புக்கு ஏற்றபடி யாராவது காலை வெட்டுவார்களா? அளவெடுத்துப் பிரேம் செய்யக் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். அந்தக் காசைக் கொடுத்துவிடுங்கள்.

84/150 என்பதற்கு, கையெழுத்திட்டு எண்ணிட்ட 150 பிரதிகளில் உங்களுடையது 84ஆம் எண் என்று அர்த்தம். அது 84ஆவதாக அச்சானது என்று நினைக்க வேண்டாம். காய்ந்த தாள்களை அடுக்கி வைத்துக் கையெழுத்துப் போடும்போது எந்தத் தாள் முதலில் கைக்கு வருகிறதோ அதற்கு முதல் எண். சிறிய எண் என்றால் விலை கூட என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பேச்சு செப்புத் தகட்டுக் காலத்திலிருந்து வருவது. தகடு தேயத் தேயக் கோடுகள் மங்கும், அதனால் முதலில் எடுத்த பிரதிகளுக்கு மதிப்பு. ஸ்க்ரீன் பிரின்டில் 150 தாளுக்குள் அப்படி எதுவும் தேய்ந்துவிடாது. தம்பியிடம் கேட்க வேண்டியது வேறொன்று: இதே வண்டு வேறு நிறங்களிலும் வந்திருக்கிறதா? ரோஸில் 150, நீலத்தில் 50, தங்க நிறத்தில் 25 என்று வெளியிடுவது இந்தத் துறையில் வழக்கம். அப்படியானால் உலகத்தில் இருக்கும் இந்த வண்டுகள் 150 இல்லை, 225. இவை போக, ஓவியர் தனக்கென்று எடுத்துவைக்கும் 'ஏபி' என்று குறித்த பிரதிகளும் இருக்கும்.

உண்மையான ஸ்க்ரீன் பிரின்ட்தானா என்பதை நீங்களே பார்க்கலாம். நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்ப்பாரே, பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் அந்தச் சின்ன லென்ஸ் போதும். வண்டின் கறுப்புக் கோடு ரோஸ் நிறத்தோடு சேரும் இடத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்க்ரீன் பிரின்ட் என்றால் ஒவ்வொரு நிறமும் ஒரே சீராக, பூசிவிட்ட மாதிரி இருக்கும். ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் ஏறி நிற்பது தெரியும். படத்தைச் சாய்த்துப் பிடித்தால் அந்த மேடு வெறும் கண்ணுக்கே தெரியும். கம்ப்யூட்டர் இங்க்ஜெட் பிரின்டில் ரோஸ் நிறம் பொடிப்பொடிப் புள்ளிகளாகச் சிதறும். பத்திரிகையும் புத்தகமும் அடிக்கும் ஓஃப்செட் அச்சு என்றால் நான்கு நிறப் புள்ளிகள் சின்னச் சின்னப் பூப்போலக் கூடியிருக்கும். ஒன்றை மறந்துவிட வேண்டாம்: விளம்பரமும் காமிக்ஸும் போல வரையும் பாப் ஆர்ட் பாணியில் வேண்டுமென்றே பெரிய புள்ளிகள் வைப்பதுண்டு. அந்தப் புள்ளி லென்ஸுக்குள்ளும் ஒரே நிறமாக, ஓரம் தெளிவாக நின்றால் பயப்பட வேண்டியதில்லை. கையெழுத்தைப் பக்கத்திலிருந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். பென்சில் என்றால் கோடு மினுங்கும், தாளில் மெல்லிய பள்ளமும் விழுந்திருக்கும்.

இனி அம்மாவின் கேள்வி. அதை நான் இலேசாக எடுக்கவில்லை. கொம்பு வண்டு என்றால் தென்னை வைத்திருக்கிறவர்களுக்கு வயிறு எரியும். குருத்துக்குள் துளைத்துப் போய்த் தின்றுவிடும். அந்த ஓலை விரியும்போது கத்தரிக்கோலால் வெட்டிய மாதிரி இருக்கும். அம்மா அதைக் கண்டிருப்பார். ஆனால் தெரு ஓவியர்கள் பூச்சிகளை எடுப்பதற்கு ஒரு காரணமே அதுதான். நகரம் வேண்டாம் என்று விரட்டும் உயிர், இரவில் வரும், மறுநாள் காலையில் சுவரில் தடயம் இருக்கும். இரவோடிரவாகச் சுவரில் ஸ்டென்சில், அதாவது உருவம் வெட்டிய அட்டை, வைத்து நிறம் அடித்துவிட்டுப் போகிறவர் தன்னையே அதில் பார்க்கிறார். முகம் காட்டாத பிரிட்டிஷ் தெரு ஓவியர் பாங்க்ஸி 2005இல் நியூயோர்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குள் இரகசியமாகக் கொண்டுபோய் வைத்தது ஒரு வண்டைத்தான். போர்விமானச் சிறகும் ஏவுகணையும் பொருத்தி, கண்ணாடிப் பெட்டிக்குள் அருங்காட்சியகப் பொருள் போலவே வைத்திருந்தார். அவருடைய படங்கள் அசலா என்று உறுதிப்படுத்தும் அலுவலகத்துக்குப் பெயர் 'பெஸ்ட் கன்ட்ரோல்', அதாவது பூச்சி ஒழிப்பு. பாங்க்ஸி படம் என்று சொல்லி யாராவது விற்க வந்தால் அந்த அலுவலகத்தின் சான்றிதழ் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

இன்னொரு காரணம் கைவேலை சம்பந்தப்பட்டது. எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும். ஸ்டென்சில் வெட்டும்போது உள்ளே நிற்க வேண்டிய துண்டுகள் உதிர்ந்துவிடாமல் நடுநடுவே பாலம் விட வேண்டும். மனித முகத்தில் அந்தப் பாலங்களை மறைப்பது பெரிய பாடு. பூச்சியின் உடம்போ பிறவியிலேயே துண்டு துண்டானது: தலை, மார்பு, வயிறு, மூட்டு மூட்டாக ஆறு கால். மூட்டு வரும் இடத்தில் பாலம் தானாக அமைந்துவிடும். இடமும் வலமும் ஒன்றுபோல இருப்பதால் பாதியை வெட்டிப் புரட்டினால் மறுபாதி தயார். ஸ்க்ரீன் பிரின்டுக்கும் அப்படித்தான், வண்ணத்துப்பூச்சிச் சிறகு தட்டையான நிறத் திட்டுகளால் ஆனது. அமெரிக்கப் பாப் ஆர்ட் ஓவியர் அன்டி வோர்ஹோல் 1983இல் அழிந்துவரும் உயிரினங்கள் என்று பத்து ஸ்க்ரீன் பிரின்ட்கள் வெளியிட்டார். யானை, வரிக்குதிரை, பாண்டா எல்லாம் இருந்த அந்த வரிசையில் பூச்சி ஒன்றே ஒன்று, சான் பிரான்சிஸ்கோவின் வண்ணத்துப்பூச்சி. அந்தத் தொகுதியிலும் எண்ணிட்ட பிரதிகள் 150தான். தம்பி வாங்கிய படத்தின் பரம்பரை எங்கே போகிறது என்று அம்மாவுக்குச் சொல்லலாம்.

சரி, பிரேம். என் கவலை முழுக்க இங்கேதான். கொழும்பில் காகிதத்தின் எதிரி ஈரமும், நிஜப் பூச்சியும்.

சில வருடங்களுக்கு முன் ஒருவர் கொண்டுவந்த பிரேமைப் பின்பக்கமாகத் திறந்தேன். நல்ல ஸ்க்ரீன் பிரின்ட், தும்பிப் படம். எங்கேயோ ஒரு கடையில் ஹார்ட்போர்ட் மட்டையில் கோதுமை மாப் பசையைத் தாராளமாகத் தடவி முழுத் தாளையும் ஒட்டியிருந்தார்கள். மை தடித்திருந்த சிறகு அப்படியே இருந்தது. சுற்றியிருந்த வெள்ளைத் தாளைத்தான் காணவில்லை. கரையோரம் அரித்த வரைபடம் போல, வளைந்து வளைந்து சுரண்டப்பட்டு, சில இடத்தில் மட்டையே தெரிந்தது. மூலையில் விரல் நுனியளவு வெள்ளிப் பொடி. ஊதினால் பறக்கும் தோல்கள். அதற்குள்ளிருந்து ஒன்று நீரில் ஓடுவது போல நெளிந்து ஓடியது. இராமபாணப் பூச்சி. அதற்கு மாவும் காகிதமும் சாப்பாடு. கீழே பென்சில் கையெழுத்தில் கடைசி இரண்டு எழுத்தையும் தின்றிருந்தது. அதை யாராலும் திருப்பித் தர முடியாது.

அதனால் கடைக்காரரிடம் முதலில் சொல்ல வேண்டியது, தாளில் பசை, மாஸ்கிங் டேப், செலோடேப் எதுவும் படக்கூடாது என்பது. 'டிரை மவுண்ட்' பண்ணித் தருகிறேன், அதாவது சூட்டில் உருகும் பசைத்தாளால் மட்டையோடு ஒட்டித் தருகிறேன், சுருக்கமே இருக்காது என்பார்கள். அதற்கும் லெமினேட்டுக்கும் ஒரே பதில், வேண்டாம். அமிலமற்ற தாளை மடித்து நான்கு மூலைக்கும் சின்னச் சட்டைப்பை போலச் செய்து, பழைய ஆல்பத்தில் போட்டோவைச் செருகுவது போலப் படத்தைச் செருகினால் போதும். முன்னால் வரும், நடுவில் யன்னல் போல வெட்டிய மவுண்ட் மட்டை தாளின் விளிம்பை மட்டும் மூடட்டும், எண்ணும் கையெழுத்தும் வெளியே தெரியட்டும். மவுண்டும் பின்மட்டையும் அமிலமற்றவையாக இருக்க வேண்டும். மலிவு மட்டையின் வெட்டுமுகம் சில வருடங்களில் மஞ்சளாகி, தாளிலும் அதே மஞ்சள் கோட்டைப் போட்டுவிடும். அமிலமற்ற பின்மட்டைக்கும் பின்னால் ஹார்ட்போர்டுக்குப் பதிலாக, உள்ளே குழல் குழலாக இருக்கும் பிளாஸ்டிக் தகட்டைப் போடச் சொல்லுங்கள். ஈரமும் கறையானும் அதை இலேசில் கடக்காது. பின்புறம் பிரேமும் தகடும் சேரும் இடைவெளியைச் சுற்றிவர டேப்பால் அடைக்கலாம், அது தாளில் படுவதில்லை.

கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது. ஈர நாட்களில் ஸ்க்ரீன் பிரின்ட் மை கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது ரோஸ் நிறம் கண்ணாடியோடு வரும். மவுண்ட் மட்டையின் தடிப்பே நடுவில் இடைவெளி தரும். அந்த ரோஸைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை: ஒளிரும் நிறங்கள்தான் வெளிச்சத்தில் முதலில் வெளிறும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியோ அக்ரிலிக்கோ கிடைத்தால் போடுங்கள், ஆனால் அதை நம்பி யன்னலுக்கு எதிரே மாட்டிவிடாதீர்கள். கடலைப் பார்த்த யன்னலால் பின்னேர வெயில் நேராக உள்ளே வரும்.

எந்தச் சுவர்? மழை அடிக்கும் வெளிச்சுவர் வேண்டாம், குசினிச் சுவரும் குளியலறைச் சுவரும் வேண்டாம். ஹோலின் உட்சுவர் நல்லது. பிரேமின் கீழ் இரு மூலையிலும் பின்னால் சின்ன ரப்பர்க் குமிழ் ஒட்டிவிட்டால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும், கொழும்பிலோ வருடத்தின் பெரும்பகுதி அதற்கு மேல்தான். ஏசி அறை பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். இரவில் போட்டுக் காலையில் நிறுத்தினால், குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் படியும். நாளெல்லாம் ஒரே மாதிரி காற்றோடும் ஃபேன் அறை அதைவிட மேல். பிரேமுக்குள் அந்துருண்டை போட வேண்டாம், அதன் ஆவி மீண்டும் படிகமாகி உள்ளேயே ஒட்டும். ஏட்டுச்சுவடிக்கு வேப்பிலையும் வசம்பும் வைத்தார்களே என்று சிலர் கேட்பார்கள். அலுமாரிக்குள் வையுங்கள், தாளில் பட வேண்டாம். வருடத்துக்கு இரண்டு முறை, தென்மேற்குப் பருவமழை தொடங்கும் மே மாதத்துக்கு முன்னும் ஒக்டோபர், நவம்பர் மழை முடிந்த பிறகும், படத்தை இறக்கி டோர்ச் அடித்து முன்னும் பின்னும் பாருங்கள்.

பெறுமதி பற்றிக் கேட்டீர்கள். 180 பவுண் என்பது எண்ணிட்டுக் கையெழுத்திட்ட ஸ்க்ரீன் பிரின்டுக்கு நியாயமான விலைதான். ஏறுமா என்பது ஓவியரின் பெயர் எவ்வளவு தூரம் போகிறது என்பதைப் பொறுத்தது, அதற்கு நான் வாக்குத் தர மாட்டேன். ஏறினாலும், அதைக் காசாக்க வேண்டிய சந்தை பெரும்பாலும் லண்டனில்தான். உங்கள் கையில் இருப்பது தாளின் நிலையும் பத்திரங்களும். தம்பியிடம் வாங்கிய ரசீது, வந்த மின்னஞ்சல், சான்றிதழ் தந்திருந்தால் அது, எல்லாவற்றையும் கேட்டு வாங்கித் தனி உறையில் வையுங்கள். படம் வந்த குழாயில் இருக்கும் லேபலையும் கிழித்து எறியாதீர்கள்.

இந்த மாதிரிப் படங்கள் வாங்க ஆசைப்படும் மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. சில ஓவியர்கள் அச்சிட்ட பூச்சியோடு நிஜச் சிறகையும் ஒட்டுவார்கள். நமது நாட்டின் தேசிய வண்ணத்துப்பூச்சி, அந்தக் கறுப்பும் மஞ்சளுமான பெரியது, சேர்ந்த பேரினம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அப்படியான சிறகு ஒட்டிய படம் அனுமதிப் பத்திரம் இல்லாமல் எல்லை கடக்கக்கூடாது. அச்சு மட்டும் என்றால் பிரச்சினை இல்லை.

பிரேம் தயாராகும் வரை படத்தைச் சுருட்டிக் குழாயில் வைக்காதீர்கள். ஒரு நாள் அறையில் அப்படியே இருக்கட்டும், பிறகு சுத்தமான வெள்ளைத் தாள் மேலும் கீழும் வைத்து, மேசையில் விரித்து, நான்கு தடித்த புத்தகங்களைப் பாரமாக வையுங்கள். எதிர்ப்பக்கமாகச் சுருட்டி நிமிர்த்தப் பார்த்தால் மை வெடிக்கும். விரிக்கும்போது அம்மாவையும் கூப்பிடுங்கள். அந்தக் கொம்பு சரியாக வரைந்திருக்கிறதா என்று அவரைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் உங்கள் வீட்டில் யார்?