வீட்டுக் கதையை எழுத வருகிறவர்களுக்கு: கேள்வி பதில்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில், ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துப் பிள்ளைகள் எழுதும் வாழ்க்கைக் கதைகளை இருபது வருடமாகப் படித்துத் திருத்திக் கொடுக்கிறேன். துரோகம், வீட்டில் நோய், ஆம்பளை என்கிற வீறாப்பு, மூன்றும் ஒன்றாகத்தான் வருகின்றன. கேளுங்கள்; கேட்பவருடைய பெயருக்குப் பதில் ஊரைப் போடுகிறேன்.

மஸ்கெலியா: மாஸ்டர், அப்பா கிட்னி வருத்தத்தில் கிடந்தபோது அவர் சம்பளத்தில் பிடித்துச் சேர்ந்த சேமலாப நிதிப் பணத்தை அண்ணன் ஏமாற்றி வாங்கிக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டான். அவனைப் பற்றி எப்படி எழுதுவது?

தம்பி, முதலில் அந்தப் பணம் எப்படிக் கைமாறியது என்று பாருங்கள். ஆண்களுக்கு 55 வயதில் கிடைக்கிற பணம், உரியவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். அப்படியென்றால் அப்பா கையெழுத்தோ கைநாட்டோ வைத்திருக்கிறார். ஏமாந்து வைத்தாரா, மூத்தவன் பார்த்துக்கொள்வான் என்று தெரிந்தே கொடுத்துவிட்டு, ஏமாந்ததை வெளியே சொன்னால் ஆம்பளைக்கு அவமானம் என்று வாயை மூடிக்கொண்டாரா? அம்மாவிடம் கேளுங்கள், வங்கிப் புத்தகத்தைத் தேடுங்கள், அண்ணனிடமும் கேளுங்கள். அவர் பதில் சொல்லாவிட்டால் சொல்லவில்லை என்றே எழுதுங்கள். அந்த வருடம் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதும் அதில் வரவேண்டும்.

அப்புறம், அப்பாவின் நோய் விவரம் எழுதிய கிளினிக் கொப்பியைப் படமெடுத்துப் போடாதீர்கள். நோய் அவருடையது.

நோர்வூட்: பெயரை மாற்றினால் போதுமா?

போதாது. லயம் என்பது வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகள், ஒரு காம்பிராவில் இருமினால் அடுத்த காம்பிராவில் யார் என்று தெரியும். எழுதியதை உரியவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

பதுளை: வழக்குப் போடுவார்களா?

சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

பண்டாரவளை: அப்பா குடித்துவிட்டு அம்மாவை அடிப்பார். எழுதினால் தோட்டத்து ஆம்பளைங்க எல்லாரும் இப்படித்தான் என்பார்களே?

ஹட்டன் (இடையில்): மாஸ்டர், இருநூறு வருடமாக மற்றவர்கள் நம்மைக் கேவலமாகப் பேசியது போதாதா? நாமே எழுதிக் கொடுக்க வேண்டுமா?

அண்ணே, உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் மறைத்தால் அதைச் சுமப்பது அம்மா. தங்கச்சி, அடித்ததை மட்டும் எழுதாமல் அந்தப் பகலையும் எழுதுங்கள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டவோ வடிகால் கானு வெட்டவோ போன ஆள் பெரும்பாலும் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுவார், பறித்த கொழுந்தை நிறுவைக்குக் கொடுத்துவிட்டு அம்மா வர ஐந்து மணியாகும். நடுவில் அப்பா என்ன செய்தார்? உலை வைத்தால் பக்கத்துக் காம்பிராக்காரன் சிரிப்பான் என்று சாராயத் தவறணைக்குப் போனாரா? பெண்களுக்குச் சமமான நாட்சம்பளம் வந்ததே 1984இல்தான், அதற்குப் பிறகும் எத்தனை வீட்டில் அம்மாவின் சம்பளத்தை அப்பாதான் போய் வாங்கினார்!

ஹட்டன்: அப்போ தோட்டத்தை நடத்துகிற துரைமாரை விட்டுவிட்டு அப்பாவைக் குற்றம் சொல்வதா?

இல்லை அண்ணே. பெண்ணின் சம்பளத்தைப் புருஷன் கையில் எண்ணிக் கொடுத்த தோட்டத்து ஆபீசையும் எழுதட்டும். ஆனால் அடித்த கை அப்பாவுடையது. அதைத் துரை கை என்று எழுத நான் சம்மதிக்க மாட்டேன்.

கொட்டகலை: பெயர், ஊர் இரண்டையும் மாற்றினால்?

மேலே சொல்லிவிட்டேன். மூன்றாவது ஆளும் இதையே கேட்காதீர்கள்.

நானுஓயா: ஆம்பளை அழுததை எழுதலாமா?

என் அப்பாவை நான் குளிப்பாட்டிய முதல் நாள் அவர் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதார், நான் பார்க்காதது மாதிரி தண்ணீர் ஊற்றினேன். இதை எழுத எனக்குப் பதினொரு வருடம் ஆனது. எழுதுங்கள்.

பூண்டுலோயா: அம்மாவுக்கு நினைவு தப்பிவிட்டது. எப்படிச் சம்மதம் கேட்பது?

தெளிவாக இருக்கிற நேரம் பார்த்து ஒரு பக்கம் மட்டும் வாசித்துக் காட்டுங்கள், முகம் சுளித்தால் நிறுத்திவிடுங்கள். சுகமாக இருந்தபோது யாரிடமும் சொல்லாதே என்று அவர் சொன்னது எதுவும் இருந்தால் அதைத் தொடவேண்டாம். கிளினிக் கொப்பியும் வேண்டாம்.